அடுத்த காம்பராப் பிள்ளைக்கு ஒரு கம்பளிச் சட்டை

அந்தச் சட்டையை யாருக்காகப் பின்னத் தொடங்கினாய் என்று கேட்டால், அடுத்த காம்பராப் பிள்ளைக்கு என்றுதான் சொல்ல வேண்டும். ஊரறிய அப்படிச் சொல்லித்தான் தொடங்கினேன். என் வயிற்றில் அப்போது ஐந்து மாதம்.

அப்புத்தளைக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்டம் அது. லயம் என்ற வரிசை வீட்டில் குடும்பத்துக்கு ஒரு காம்பரா, அதாவது ஓர் அறை. நான் வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் துரைசாணியின் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன் எனக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து தவறிவிட்டன. முதல் பிள்ளைக்கு, வயிற்றில் இருக்கும்போதே பூப்போட்ட சீத்தைத் துணியில் சட்டை தைத்து வைத்தேன். ஏழாம் நாள் போய்விட்டது. பிறக்காத பிள்ளைக்குத் துணி எடுக்கக் கூடாது, நீதான் எமனுக்கு வழி காட்டினாய் என்றார் மாமியார். இரண்டாவதற்கு ஊசியைக்கூட நான் தொடவில்லை. அது மார்கழி மழையில் பிறந்தது. லயத்துக் கூரை ஒழுகியது. வீட்டில் இருந்த ஒரே கம்பளி, மாமியார் கொழுந்து எடுக்கப் போகும்போது தலையில் போட்டு நனைந்து வருவது. அந்த ஈரக் கம்பளியில்தான் பிள்ளையைச் சுற்றினோம். இருபது நாள் இருமிவிட்டு அதுவும் போனது.

மூன்றாவது தை மாதத்துக்கு என்றார்கள். தையிலும் எங்கள் பக்கம் குளிர் விடாது.

துரைசாணி தன் குழந்தைக்கு ஒரு சட்டை பின்னிக்கொண்டிருந்தாள். நெஞ்சுக்கு நேரே, தலைப்பின்னல் போல இரண்டு சடை இறங்கும். சடை வரும் இடத்தில் துணி இரட்டையாகத் தடிக்கும். அதைத் தொட்டுப் பார்த்த நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பில்லை. துரையின் பழைய கம்பளிக் காலுறைகளைத் தருவீர்களா என்று கேட்க எனக்கு மூன்று நாள் ஆயிற்று. பூச்சி அரித்த நாலு சோடி கொடுத்தாள். பிரித்து, கழுவி, நூல் நிமிர்வதற்குக் கல்லைக் கட்டித் தொங்கவிட்டேன். என் வீட்டுக்காரர் மூங்கில் சீவி, கண்ணாடிச் சில்லால் வழித்து ஊசி செய்துகொடுத்தார். துரைசாணி புத்தகத்தைப் பார்த்துத் தன் தமிழில் சொன்னாள்: "நீ எழுது. மூணு கண்ணி வேறே குச்சியிலே போடு. அப்புறம் மூணு பின்னு." மூன்றாம் வகுப்பு எழுத்தில் நான் எழுதிக்கொண்டேன்.

நூல் உருண்டையை மாமியார் கண்டுபிடித்துவிட்டார்.

"ஏண்டி, ஒரு தடவ பட்டது போதாதா? மறுபடியும் சட்டையா?"

அதுவரை அவரை எதிர்த்து நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. "ரெண்டாவதுக்கு ஒண்ணும் தைக்கலையே அத்தை" என்றேன்.

அவர் அடுப்பில் இருந்த விறகை வெளியே இழுத்தார். பிறகு எழுந்து அடுத்த காம்பராவுக்குப் போனார். அங்கே இருந்த அக்காவுக்கு ஐந்து பிள்ளைகள், ஐந்தும் உயிரோடு. கடைசிப் பெண்ணுக்கு ஒன்பது மாதம்.

"ஏ புள்ள, ஒன் கடைசிப் பொண்ணுக்கு இவ கம்பளிச் சட்டை பின்னுறா. ஒன் புள்ள போட்டு அழுக்காக்கட்டும். அப்புறம் எங்களுக்குப் பிச்சையாப் போடு. நான் மொறத்தோட வந்து நிப்பேன்."

"சட்ட போட்டுப் பாக்க எம் புள்ளையா, அத்த? எம் பொண்ணு பெரிய தொரசாணி ஆயிட்டா!" என்று அக்கா சிரித்தார். ஆனால் சம்மதித்தார்.

பிறர் பிள்ளை போட்டுக் கழித்ததைப் பிச்சை வாங்கிப் போட்டால் நம் பிள்ளை எமன் கண்ணில் படாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. சட்டை ஒரு வயதுப் பிள்ளையின் அளவுக்குப் பெரிதாயிற்று. எழுபத்திரண்டு கண்ணி ஏற்றித் தொடங்கினேன்.

சடை திரும்பும் இடத்தில் சிக்கிக்கொண்டேன். எடுத்து வைத்த மூன்று கண்ணி முன்னால் நிற்க வேண்டுமா, பின்னால் நிற்க வேண்டுமா? என் தாளில் அது இல்லை. ஆறு தடவை பின்னினேன், ஆறு தடவையும் பிரித்தேன். தினமும் துரைசாணியின் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். தாள் என் இடுப்பில் இருந்தது. கேட்க வாய் வரவில்லை. இரண்டு வாரம் அப்படியே போனது. கடைசியில் என் கையில் இருந்ததை அவளே பார்த்துவிட்டு, "முன்னாலே! ஏன் கேக்கலே?" என்றாள். ஒரு நிமிஷ வேலை. கையில் இருந்த ஏழாவது தப்பைப் பிரிக்காமலே மேலே பின்னிப் போனேன்.

பிள்ளை தை வரை காத்திருக்கவில்லை. கார்த்திகையில், எட்டாம் மாதத்திலேயே பிறந்தது. ஆண். சட்டைக்கு உடம்பு முடிந்திருந்தது, வலக்கை முடிந்திருந்தது. இடக்கைதான் பாக்கி.

பாயில் உட்கார்ந்தபடி இடக்கையைப் பின்னினேன். மடியில் பிள்ளை, அதே கம்பளியில், இருமிக்கொண்டே. வெளியே மழை நிற்கவில்லை. முக்கால் சட்டை என் முழங்காலுக்குப் பக்கத்தில் கிடந்தது. மாமியார் அதைப் பார்ப்பார், பிள்ளையைப் பார்ப்பார். "கை முடியட்டும். அந்தப் புள்ள ஒரு தடவ போட்டு எடுக்கட்டும்" என்பார். இடக்கை இல்லாமலே போட்டு எடுத்தால் என்ன அத்தை என்று கேட்க நினைத்தேன். ஒருமுறை எதிர்த்துப் பேசிய வாய்தான். கேட்கவில்லை.

நாலாம் நாள், இடக்கை முழங்கை அளவு வந்திருந்தபோது, பிள்ளையின் இருமல் நின்றது. மூச்சும்தான்.

தீட்டுக் கழிந்ததும் மிச்சத்தைப் பின்னி முடித்தேன். அக்கா வாங்க மாட்டேன் என்றார். "எனக்கு எப்படிடி மனசு வரும்?"

"ஒங்க புள்ளைக்குன்னு சொல்லித்தானே ஆரம்பிச்சேன். போட்டு விடுங்கக்கா."

அந்தக் குளிர்காலம் முழுக்க அந்தப் பெண் அதைப் போட்டுக்கொண்டு வாசலில் தவழ்ந்தது, பிறகு நடந்தது. நெஞ்சில் இடப்பக்கச் சடை ஓரிடத்தில் தப்பாகத் திரும்பியிருக்கும், நான் கேட்காமல் பின்னிய இடம். பங்களாவுக்குப் போகும்போதெல்லாம் என் கண் அங்கேதான் போகும்.

இரண்டு வருஷம் கழித்து, சட்டை அதற்குச் சிறிதானபோது, அக்கா சொன்ன சொல் தவறாமல் கொண்டுவந்தார். மாமியார் முறத்தோடு வாசலில் போய் நின்று, பிச்சைக்காரி போலத் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். அப்போது என் வயிற்றில் ஒன்றும் இல்லை. பிறகும் தங்கவில்லை.