ஒரே கற்பூரம்

எங்கள் மகள் தலைப்பிரசவத்துக்குப் பிள்ளையார்பாளையம் வந்திருந்த சமயம். அவள் நல்லபடியாகப் பெற்றுப் பிழைக்க வேண்டுமென்று என் மனைவி விளக்கு வைக்கும் நேரத்தில் தினமும் தெருக்கோடி முருகன் கோயிலுக்குப் போவாள். நானும் தறியை நிறுத்திவிட்டுக் கூடப் போவேன்.

ஒருநாள் திரும்பும்போது அவள் கண் கலங்கியிருந்தது.

“இன்னாமே?”

“கண்ணு நெறையப் பாக்கறதுக்குள்ள குருக்கள் கற்பூரத் தட்டை எறக்கிட்டாருங்க. தெனமும் இப்படித்தான் இருக்குது. முருகன் எனக்கு மொகம் குடுக்க மாட்டேங்கறான்.”

“நல்லாச் சொன்ன போ! கும்பிட்டுக்கினு நின்னு எனக்குக் கையே வலிக்குது.”

“உங்களுக்குன்னா உக்காந்து பேசுவான். ஆம்பளைக்கு ஆம்பளை.”

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. பெண்ணுக்கு ஏதோ ஆகப்போகிறது, அதனால்தான் சாமி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் என்று அவளுக்குப் பயம்.

எங்கள் வீட்டில் இரண்டு தறி. ஒன்றில் நான் நெய்துகொண்டிருந்தேன். மற்றதற்கு அவள் புதுப் பாவு இணைத்துக்கொண்டிருந்தாள். விரலில் சாம்பல் தொட்டு, பழைய இழையோடு புது இழையை ஒவ்வொன்றாக முறுக்க வேண்டும். அவசரப்பட்டால் பட்டு அறும்.

மறுநாள் மகளுக்கு உடம்பு சரியில்லை. மனைவி அவள் கூடவே இருந்துவிட்டதால் பாவு இணைக்க நான் உட்கார்ந்தேன். பொழுது சாய எழுந்தபோது பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் யாரோ துரத்துவதுபோலக் கேட்டது. கோயிலுக்குப் போனால் மணியும் அப்படியே ஓடியது. கைகூப்பி நிமிர்வதற்குள் கற்பூரத் தட்டு இறங்கிவிட்டது.

குருக்கள்மேல் குற்றமில்லை, முருகன்மேலும் இல்லை. நாளெல்லாம் விரல் பழகிய நிதானத்தைக் கண்ணும் காதும் அளவாக எடுத்துக்கொண்டுவிடுகின்றன. ஊடை நூலோடு நாடா குறுக்கே பறக்கும் தறியிலிருந்து எழுந்து போன நாட்களில் அதே கற்பூரம் எனக்கு நெடுநேரம் எரிந்தது.

இதைச் சொன்னால் அவள் நம்பமாட்டாள். கிருத்திகையன்று, “விரலு ஓயட்டும்மே, இன்னிக்கு நீ தார் சுத்து,” என்று ராட்டினத்தை அவள் முன்னே நகர்த்தினேன். ஊடை நூல் குழலில் ஏற ஏற, சாயங்காலம்வரை அது விர்ரென்று சுழன்றது. பாவு என் பங்கு.

கோயிலிலிருந்து வரும்போது பேச்சு அவளுக்கு நிற்கவே இல்லை.

“வேலு, மயிலு, ஒதட்டுச் சிரிப்பு, எல்லாம் பாத்தேங்க. நான் போதும் போதும்னு சொல்ற வரைக்கும் நின்னான். பொண்ணுக்கு ஒண்ணும் ஆவாது. உங்களுக்கு?”

எனக்கு மயிலின் கழுத்துகூடச் சரியாகக் கண்ணில் படவில்லை. “நல்ல தரிசனம்மே,” என்றேன்.

பேத்தி பிறக்கும்வரை அந்தப் பாவை நான் அவளிடம் திருப்பிக் கொடுக்கவில்லை.