அந்த டிரைவரும் என் பொண்டாட்டியும்

என் பொண்டாட்டிக்கு எச்.ஐ.வி. தடுப்பு ஆராய்ச்சி. லாரி டிரைவர்கள்கிட்டப் பேசுறதுதான் வேலை.

இன்னைக்கு மதியம் அவளைக் கூட்டிவர வில்லாபுரம் பக்கம் ஒரு லாரி செட்டுக்குப் போனேன். ஒரு டிரைவர் அவகிட்ட அழுதுக்கிட்டே பேசிட்டிருந்தாரு. என்னைப் பார்த்ததும் வாயை மூடிட்டாரு.

அப்புறம் மெதுவா, "டெஸ்ட் எடுக்கப் பயமா இருக்கு. கூட வாரீங்களா?"ன்னாரு.

"வாரேன்ணே"ன்னுட்டா. என்கிட்ட, "நீங்க வீட்டுக்குப் போங்க."

எனக்குக் காய்ச்சல்னா, "மாத்திரை அலமாரியில இருக்கு"ன்னு சொல்றவ.

சாயங்காலம் அவ வந்ததும், "ரிசல்ட் என்ன?"ன்னேன்.

"அதை உங்ககிட்டச் சொல்லக்கூடாது."

எங்களுக்குள்ள ரகசியமே கிடையாதுன்னு அம்புட்டுப் பேர்கிட்டயும் பெருமையடிச்சவன் நான். அவ செஞ்சது சரிதான். ஆனா வயிறு எரியுதே, மாப்ளைகளா, என்ன சாப்பிடலாம்?