பலகைக்கு இந்தப் பக்கம்

டிலானியின் வயிற்றில் பிள்ளை இருந்தபோது, என் உடம்பிலிருந்து காமாக் கதிர் போய்க்கொண்டிருக்கிறது என்று தெரிந்துகொண்டே நான் அவளுக்குப் பக்கத்தில் படுத்துக் கிடந்தேன். அவளிடம் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

இதுதான் நான் செய்தது. இனி வருவதெல்லாம் நான் தேடுகிற சாட்டு...

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஒன்றைச் சொல்ல வெளிக்கிட்டால் இன்னொன்றுக்குப் போய்விடுவேன். அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டாம்.

இத்தாலியில், பலெர்மோ நகரத்தில், கால்சா என்ற பகுதியில் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். வீடு ராஜனும் அவன் பெண்சாதி டிலானியும் எடுத்தது. பெரிய அறையை ராஜன் பலகை அடித்துப் பிரித்தான். அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நான். உறவு என்று ஒன்றும் இல்லை, மூன்று பேரும் மன்னார்ப் பக்கம், அவ்வளவுதான். ஆனாலும் டிலானி என்னை முதல் நாளிலிருந்தே 'அப்பு' என்றாள். அவளுடைய தகப்பன் சண்டையில் போய்விட்டார். நான் அந்த இடத்தில் இருந்தேன். எனக்கும் அது பிடித்திருந்தது... ஏன் பொய் சொல்ல வேண்டும்?

என் கழுத்தில் கட்டி இருப்பதை முதலில் கண்டது சின்யோரா. லிபெர்த்தா வீதியில் நான் சம்பளத்துக்குப் பார்த்துக்கொண்ட இத்தாலியக் கிழவி. அவருக்குச் சட்டைப் பொத்தான் பூட்டுவதற்குக் குனிந்தபோது, விரலை நீட்டி, "இது என்ன, விழுங்கின முட்டை இறங்கேல்லையோ?" என்று சிரித்தார். மனிசிக்குத் தன் மகளின் பெயரே மறந்துபோகும். என் கழுத்தைக் கண்டுவிட்டார்!

வெட்டி எடுத்தார்கள். தைரொயிட்டில் புற்று. வீட்டில் 'கழலை' என்று சொன்னேன். கழலை யாருக்கும் வரலாம், அதைக் கேட்டு ஒருவரும் முகம் சுளிக்கமாட்டார்கள். மற்றச் சொல்லைச் சொன்னால்...? மாதா கோயில் திருநாளுக்குச் சோறும் இறைச்சிக்கறியும் நான்தான் சமைப்பேன். பெரிய சட்டியில் நான் கரண்டி போடுவதைப் பார்க்கப் பிள்ளைகள் வந்து நிற்பார்கள். இந்த ஊரில் எனக்கென்று இருந்த மரியாதை அது ஒன்றுதான். அந்த நோய் என்று தெரிந்தால் என் கையால் யார் சாப்பிடுவார்கள் என்று நினைத்தேன். அது தொற்றாது என்று எனக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும். தெரிந்தாலும் தட்டை மெல்ல வைத்துவிடுவார்கள். அதற்குத்தான் பயந்தேன்.

வெட்டியபின், மிச்சமிருக்கும் புற்றை எரிக்க ஒரு குளிசை தந்தார்கள். கதிர் ஏற்றிய அயடின். ஈயக் குடுவைக்குள் வந்தது! தனி அறையில் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். தாதி வாசலில் நின்றே கதைத்தாள். சாப்பாட்டை வைத்துவிட்டு ஓடினாள்.

வெளியே விடும் நாளில் ஒரு கருவியைப் பிடித்து என்னை அளந்தார்கள். பிறகு டாக்டர், சின்ன வயதுப் பெண், கதிரையை இழுத்துத் தள்ளிப் போட்டுக்கொண்டு ஆறுதலாக விளங்கப்படுத்தினாள்.

"உன்னிலிருந்து இன்னும் காமாக் கதிர் வந்துகொண்டிருக்கும். பார்க்க முடியாது, சூடு தெரியாது. துணி, பலகை, சதை எல்லாவற்றையும் கடந்து போகும். தூரமாய் இருப்பதுதான் காவல். மூன்று கிழமைக்குச் சின்னப் பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் கிட்ட விடாதே. வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு எல்லாம் புதிதாக உருவாகிற நேரம். அங்கே பிழை விழக்கூடாது."

நான் பயந்துபோனதைக் கண்டு இன்னும் கொஞ்சம் சொன்னாள். வானத்திலிருந்தும் இந்தக் கதிர் எந்த நேரமும் வருகிறதாம். மேலே இருக்கிற காற்று கூரைபோல அதை மறித்துவிடுகிறதாம். இல்லாவிட்டால் பூமியில் நாங்கள் இப்படி நடமாட முடியாதாம். கல்லிலும் மண்ணிலும்கூடக் கொஞ்சம் இருக்கிறதாம், அதற்குப் பயப்படத் தேவையில்லையாம்.

பிறகு கேட்டாள். "வீட்டில் யார் யார்?"

டிலானிக்கு அப்போது நாலாம் மாதம்.

"சோலோ" என்றேன். தனியே இருக்கிறேன்!

அவள் அதைத் தாளில் எழுதினாள். நான் கையெழுத்து வைத்தேன்.

உங்களுக்குத் தோன்றும், கிழவனுக்குப் போக வேறு இடம் இல்லையாக்கும் என்று. இருந்தது. பகேரியாவில் என் கூட்டாளி ஒருவன் வீட்டில் ஓர் அறை சும்மா கிடந்தது. ரயிலில் ஏறினால் கொஞ்ச நேரம். "வந்து இரன் மச்சான்" என்று அவன் எத்தனை தரம் கேட்டவன்! போனால் ஏன் என்று கேட்பான், டிலானியும் கேட்பாள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து நான் கால்சாவுக்கு பஸ் ஏறினேன். பஸ்ஸில் ஒரு தாய் பிள்ளையோடு எனக்குப் பக்கத்தில் இருக்க வந்தாள். எழும்பிப் பின்னால் போய் நின்றேன். பாருங்கள்... முன்பின் தெரியாத பிள்ளைக்கு எழும்பத் தெரிந்திருக்கிறது!

வீட்டில் என் கட்டிலின் தலைமாடு பலகையோடு ஒட்டியிருந்தது. அந்தப் பக்கம் டிலானியின் கட்டிலும் அப்படித்தான். அவளை ஓய்வாகப் படுக்கச் சொல்லியிருந்தார்கள். பகல் முழுவதும் இரண்டு பேரும் படுத்தபடி பலகைக்கூடாகக் கதைப்பது வழக்கம். வந்த அன்றைக்கே நான் தலையணையைத் தூக்கிக் கால்மாட்டில் போட்டேன். மருந்து சேர்ந்திருந்த கழுத்து ஓர் ஆள் நீளத்துக்குத் தள்ளிப்போனது. அது போதும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

மூத்திரத்தோடும் மருந்து வெளியேறும் என்று, கக்கூசில் இரண்டு தரம் தண்ணீர் இழுக்க ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். இழுத்தேன். ராஜன் குசினியில் நின்று கத்தினான்: "அப்பு! குழாயில தண்ணி வாறதே ரெண்டு நாளைக்கு ஒருக்கா. நீங்கள் தாங்கியை ஒரேயடியா காலி பண்ணப் போறியளோ?"

நான் பேசாமல் வந்து படுத்துவிட்டேன்.

அதை டிலானி கோபம் என்று எடுத்துக்கொண்டாள். எங்கள் ஆட்களில் வீட்டுக்கு மூத்தவன் கோபித்துப் பேசாமல் கிடந்தால், சாப்பாட்டைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் இருந்து கொடுத்துத்தானே சமாதானம் செய்வது? அதைத்தான் அவளும் செய்தாள். இரண்டாம் நாள் மத்தியானம் இடியப்பமும் மீன்சொதியுமாக வந்து என் கட்டில் விளிம்பில் இருந்துவிட்டாள்.

"அவர் பகிடிக்குச் சொன்னவர் அப்பு. கோவமோ?"

"இல்லைப் பிள்ளை. தள்ளி இரு."

"ஏன், நான் மணக்கிறனோ?"

"நீ எழும்பிப் போ!" குரல் உயர்ந்துவிட்டது.

அவள் போகவில்லை. முகம் சுருங்கிப்போய் அப்படியே இருந்தாள். "எனக்கு இஞ்சை வேற ஆர் அப்பு இருக்கினம்? நீங்களும் கதைக்காட்டி நான் ஆரோட கதைக்கிறது? பலகையில தட்டித் தட்டிப் பாக்கிறன். நீங்கள் அங்காலை தலை வைச்சுப் படுத்திருக்கிறியள். ஒண்டும் கேக்குதில்லை."

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். ஒரு வசனம். 'பிள்ளை, எனக்குப் புற்று, மருந்து ஏத்தியிருக்கு, கிட்ட வராதை.' அவ்வளவுதானே? வாய்வரை வந்தது. இடியப்பத்தைப் பிசைந்து வாயை அடைத்தேன்.

அவள் சிரித்தாள். என் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்தாள். "இப்பத்தான் மெல்ல அசையுது. தெரியுதோ?"

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கையை எடுக்கவும் இல்லை!

அவள் போனபின் தலையணையைப் பழைய இடத்தில் போட்டேன். பலகையோடு. மூன்று கிழமையும் அப்படியே கிடந்தேன், அவள் கதைத்தாள், நான் "ஓம், ஓம்" என்றேன். பூமிக்கு ஒரு கூரை இருக்கிறது என்றாளே அந்த டாக்டர்... அந்தப் பிள்ளைக்கு இருந்தது மெல்லிய ஒரு பலகை.

பெண்பிள்ளை பிறந்தது. ரோசலியா. என்னைத்தான் ஞானத்தகப்பனாக நிறுத்தினார்கள். பாதிரியார் தண்ணீர் ஊற்றியபோது பிள்ளையின் தலையைத் தாங்கிப் பிடித்தது என் கைதான்.

ஒருமுறை என் டாக்டரிடம் யாரோ ஒருவனுடைய கதைபோலக் கேட்டுப் பார்த்தேன். "அநேகமாக ஒன்றும் ஆகியிராது" என்றாள். நெஞ்சு ஆறவில்லை. ஏனென்றால் அவள் இன்னொன்றும் சொன்னாள்: "ஆனால் அந்த மனிதர் உண்மையைச் சொல்லியிருந்தால், நாங்கள் கணக்கிட்டுப் பார்த்திருப்போம். இப்போது யாரால் என்ன சொல்ல முடியும்?"

பிள்ளைக்கு இப்போது ஆறு வயது. காய்ச்சல் வந்தாலும், பல் விழப் பிந்தினாலும் நான் பலகையைத்தான் நினைப்பேன். போன மாதம் அவளுடைய கழுத்தில் சின்னதாக ஒரு கட்டி தெரிந்தது. பிள்ளைகளுக்கான டாக்டரிடம் கொண்டுபோனோம். நானும் போனேன், என் மடியில் இருந்தால்தான் அவள் கழுத்தைக் காட்டுவாள். டாக்டர் தடவிப் பார்த்தார். தடிமன் சளியால் நெறி கட்டியதாகவும் இருக்கலாம், திரும்ப வாருங்கள், பார்ப்போம் என்றார். எழுதிக்கொண்டே கேட்டார், கர்ப்பமாக இருந்தபோது எக்ஸ்ரே, கதிர் என்று ஏதாவது பட்டதா என்று.

டிலானி இத்தாலியனில் கடகடவென்று சொன்னாள். ஒன்றும் இல்லையாம், அவ்வளவு கவனமாக இருந்தாளாம். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்துத் தமிழில், "அப்புதானே பக்கத்திலேயே இருந்தவர். சொல்லுங்கோ அப்பு" என்றாள்.

டாக்டர் என்னைப் பார்த்தார்.

தலையை ஆட்டினேன்.

அந்தத் தாளிலும் என் பொய் ஏறிவிட்டது. முதல் பொய் சொன்னபோது நோயாளி என்ற சாட்டு இருந்தது. இதற்கு என்ன சாட்டு? அவள் என்னை வெறுத்துவிடுவாள் என்ற பயம்... அதுதானே? அந்தப் பிள்ளையின் கழுத்தைவிட எனக்கு 'அப்பு' என்ற பெயர் பெரிதாகப் போய்விட்டதா?

வருகிற செவ்வாய்க்கிழமை திரும்பப் போகவேண்டும். டிலானி என்னை வரச் சொல்லியிருக்கிறாள்.

நேற்று ரோசலியா என் மடியில் ஏறி, கழுத்தில் வெட்டின தழும்பை விரலால் ஒரு நுனியிலிருந்து மற்ற நுனிவரை தடவினாள். அது அவளுக்கு விளையாட்டு. தாத்தாவை இங்கே நொன்னோ என்பார்கள், அவள் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள்.

"நொன்னோ, எனக்கும் இப்பிடி ஒரு கோடு போடுவினமோ?"

பலகைக்கு அந்தப் பக்கம் டிலானி சிரிப்பது கேட்டது.