பதிலாய் வந்த உறுப்பினர்

சுவிஸின் சோலோதுர்ன் நகர மருத்துவமனை ஒன்றில் தாதியாக இருந்த கோசலாவைப் பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்கு அனுப்பி வைத்தது ஒரு மரணம்.

சுவிஸில் வாழும் பிரெஞ்சுக் குடிமக்களுக்குப் பாரிஸ் நாடாளுமன்றத்தில் ஓர் ஆசனம் உண்டு. லூவெல் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியர் அதற்குப் போட்டியிட்டபோது, தனக்கு ஏதும் நேர்ந்தால் அந்த இடத்துக்கு வரவேண்டிய பதில் வேட்பாளராக நிற்கும்படி கோசலாவைக் கேட்டார். யாழ்ப்பாணத்தில் பிறந்து, பாரிஸின் புறநகரில் வளர்ந்து, பிரெஞ்சுக் குடியுரிமை பெற்று, ஜெகதீஸ்வரனைக் கலியாணம் கட்டிச் சுவிஸுக்கு வந்தவள் அவள். பிரெஞ்சுக்காரர் சங்கத்தின் சார்பில், தனித்திருக்கும் முதியவர்களைப் பார்க்கப் போகிற இடத்தில் லூவெலோடு பழக்கம். சுவரொட்டியில் ஒரு பெயர், அவ்வளவுதானே என்று சம்மதித்தாள்.

லூவெல் வென்றார். இரண்டாம் வருடம், பாரிஸுக்குப் போகிற ரயிலிலேயே அவர் இதயம் நின்றுபோனது. கோசலா வார்டில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். அவருடைய செயலாளர் தொலைபேசியில் அழுதபடியே சொன்னார்: "இனி நீங்கள்தான் உறுப்பினர், மேடம்." கோசலா தாதியர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, முதலில் அந்த மனிதருக்காக அழுதாள். பயம் பிறகுதான் வந்தது.

எம்மன்புரூக்கே என்ற சுவிஸ் ஊரில் தமிழர்கள் மண்டபம் எடுத்து அவளுக்கு மாலை போட்டார்கள். "எங்கட விசா பிரச்சினையையும் அங்க கதையுங்கோ" என்று கேட்டவர்களுக்கு, தான் பிரெஞ்சுக்காரரின் பிரதிநிதி, சுவிஸ் விசாவில் தனக்கு ஒரு சொல்லும் இல்லை என்று விளங்கப்படுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. மாலை போட்ட சிலர் பிறகு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. கிழமைதோறும் எல்லையிலிருக்கும் பாசல் நகரில் ரயிலேறிப் பாரிஸ் போவாள். சபையில் கடைசி வரிசை. அவள் பேச எழுந்தால் பலர் காப்பி குடிக்கப் போவார்கள். ஆனாலும் சுவிஸில் வாழும் பிரெஞ்சு முதியவர்களின் ஓய்வூதியம் அடிக்கடி நின்றுபோவது பற்றி லூவெல் தொடங்கிவைத்த விவகாரத்தை ஒரு வருடம் விடாப்பிடியாக இழுத்து, அமைச்சரிடம் முடிவு வாங்கினாள்.

அதற்குப் பிறகு ஒரு குடிவரவு மசோதா வந்தது. பிரான்சில் இருக்கும் வெளிநாட்டவர் தங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொள்ளும் வயதெல்லையை அதன் ஒரு பிரிவு இன்னும் கீழே இறக்கியது. ஆதரித்து வாக்களிக்க வேண்டும் என்று, லூவெல் இருந்த, இப்போது அவளும் இருக்கும் கட்சி உத்தரவிட்டது.

கோசலாவுக்கு ஓர் அண்ணன் இருந்தான். சச்சிதானந்தன். அப்பா முதலில் பாரிஸுக்குப் போய், குடும்பத்தை அழைக்கும் அனுமதி வருவதற்குள் அவனுக்குப் பதினெட்டு தாண்டிவிட்டது. தாய் கலாவதியும் கோசலாவும் விமானம் ஏறினார்கள். அவன் கொழும்பில் நின்று கைகாட்டினான். அடுத்த வருடம் கூப்பிடலாம், அதற்கடுத்த வருடம் கூப்பிடலாம் என்றே காலம் போனது. இலங்கைப் போரின் கடைசிச் சண்டையில், வன்னிக்குப் போயிருந்த அவன் என்ன ஆனான் என்று தெரியவில்லை. வீட்டில் அவனைப் பற்றி யாரும் கதைப்பதில்லை.

ஜெகதீஸ்வரன் சொன்னான்: "நீர் வாக்கெடுப்பு அண்டைக்குப் போகாம விடும். காய்ச்சல் எண்டு சொல்லும். ஆசனம் கையில இருந்தா இன்னும் எத்தினை பேருக்கு உதவலாம்?"

"நானும் அப்படித்தான் யோசிச்சனான். ஆனா இதுக்குப் படுத்திருந்தா, பிறகு எதுக்கு எழும்புறது, சொல்லுங்கோ?"

வாக்கெடுப்பு நாளன்று காலை அவன் பாசல் வரைக்கும் கூடவே வந்து ரயிலேற்றிவிட்டான்.

அவள் எதிர்க்கப் போகிறாள் என்று தெரிந்ததும் கட்சியின் சபைத் தலைவர் தாழ்வாரத்தில் மறித்தார். "லூவெல் கட்சியை மீறியதே இல்லை."

"லூவெலை நான் மதிக்கிறேன். ஆனால் இந்த வாக்கு என்னுடையது."

"அப்படியானால் அடுத்த தேர்தலில் இந்தக் கட்சி உங்களுடையதாக இருக்காது."

அவளுக்குக் கிடைத்தது இரண்டு நிமிடம். பிள்ளைக்கு வயது ஏறுவது அவன் குற்றமல்ல, கோப்பைத் தாமதப்படுத்துவது அலுவலகம், தண்டனை மட்டும் பிள்ளைக்கா என்று கேட்டாள். எதிர்வரிசையில் சிலர் கை தட்டினார்கள். அவளுடைய வரிசையில் ஒரு சத்தமும் இல்லை. அந்தப் பிரிவு நிறைவேறியது.

வெளியே வந்ததும் தாய் அழைத்தாள். தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அண்ணையின்ர பேரைச் சொல்லுவாய் எண்டு இருந்தனான், பிள்ளை."

"சொன்னா எல்லாரும் எனக்காகப் பாவப்படுவினம், அம்மா. சட்டத்தைப் பார்க்க மாட்டினம். அதுக்கு அவனை நான் விக்கேலாது."

தாய் தொலைக்காட்சியை நிறுத்துவது கேட்டது.

"ஓம்," என்றாள் தாய். "அவனுக்கும் அது பிடிக்காது. ஆருக்கும் முன்னால நிண்டு கதைக்க வெட்கப்படுவான்." பிறகு, அத்தனை வருடங்களில் முதல் தடவையாக, மகனைப் பற்றித் தானாகவே சொல்லத் தொடங்கினாள். கோசலா செய்ன் நதிக்கரைச் சுவரில் சாய்ந்து நின்று, அடுத்த கூட்டத்தை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கட்சி சொன்னபடியே செய்தது. அடுத்த தேர்தலில் வேறொருவரை நிறுத்தியது. கோசலா சுயேச்சையாக நின்று, மோசமாகத் தோற்றாள். தேர்தல் இரவில் அழவில்லை. மறுநாள் பாரிஸில் அலுவலக அறையைக் காலி செய்தபோது, சுவரில் லூவெல் மாட்டிவைத்திருந்த சுவிஸ் வரைபடத்தைக் கழற்றுகையில்தான் அழுகை வந்தது.

இப்போது பழைய வார்டிலேயே வேலை செய்கிறாள். சில நோயாளிகளுக்கு அவளுடைய கதை தெரியும், பெரும்பாலானோருக்குத் தெரியாது. போன மாதம் கூர் என்ற சுவிஸ் நகரிலிருந்து ஒரு பிரெஞ்சு மூதாட்டி அழைத்து, தன் ஓய்வூதியம் திரும்பவும் நின்றுவிட்டதாகச் சொன்னார்.

"மேடம், நான் இப்போது நாடாளுமன்றத்தில் இல்லை."

"தெரியும். புதியவருடைய அலுவலகத்தில் யாரும் தொலைபேசியை எடுப்பதில்லை."

கோசலா அவருடைய முகவரியைக் கேட்டு எழுதிக்கொண்டாள். வேலை முடிந்ததும் பிரெஞ்சுத் தூதரகத்துக்கு அழைத்து, தன் பெயரைச் சொல்லி, பதவி எதையும் சொல்லாமல், இணைப்பில் காத்திருந்தாள்.