பின்னால் சொல்கிறேன் என்றவர்

நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் தொண்ணூறுகளின் கடைசியில் மயிலாப்பூரில் மூன்று கம்ப்யூட்டர் போட்டு, புத்தகங்களுக்குப் பக்கம் அமைத்துத் தரும் கடை நடத்தினேன். பட்டம் வாங்கியவர்கள் முடியாது என்று திருப்பி அனுப்பிய வேலையெல்லாம் என்னிடம்தான் வந்து சேரும். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அப்படி வந்தவர் ஒரு மாமி, மாட வீதிக்காரர். காலமான கணவர் எட்டு நோட்டுகளில் எழுதி வைத்திருந்த வாழ்க்கைக் கதையை சி.டி.யில் போட வேண்டும். வெளிநாட்டு உறவுக்காரர்கள் கம்ப்யூட்டரில் படிப்பார்களாம். அந்த மனிதருக்கு ஒரு பழக்கம்: 'இதை முன்பே புலம்பியிருக்கிறேன்', 'அந்தக் கூத்தைப் பின்னால் சொல்கிறேன்' என்று எழுதிக்கொண்டே போவார். அந்தச் சொற்களை மவுஸால் தொட்டால், அவர் கைகாட்டும் இடத்துக்கே போய் நிற்க வேண்டும்.

மென்பொருளின் போக்கில் விட்டால் 'பக்கம் 47' என்றுதான் விழும். மாமிக்குப் பிடிக்கவில்லை.

"நம்பர்னா பேசறது! அவர் எங்கே பேசறார்?"

"அவரு வார்த்தையிலயே லிங்க் குடுத்துர்றேம்மா. மெட்ராஸ்ல இத செய்ய நம்மள வுட்டா ஆளு கெடையாது."

"ஜம்பம் போறும். வேலையைக் காட்டுங்கோ."

காட்டினேன். ஆங்கிலக் கையேட்டை எழுத்துக்கூட்டிப் படித்து, ஒவ்வொரு இணைப்புக்கும் அவருடைய சொற்களையே கொடுத்தேன். போய்ச் சேரும் இடத்தில் ஓர் அடையாளம் வைக்க வேண்டும். அது இல்லாவிட்டால் இணைப்பு இருக்கும் இடத்தில் இரண்டு கேள்விக்குறிகள் வந்து விழும். என் கடையிலிருந்து கேள்விக்குறியோடு ஒரு பக்கமும் வெளியே போனதில்லை. அதற்கு என்னிடம் ஒரு வழி இருந்தது. இடம் கிடைக்காத இணைப்பை அப்போதைக்கு முதல் பக்கத்தோடு கட்டிவிடுவேன், பிறகு மாற்றுவேன்.

ஒன்றுக்கு மட்டும் இடம் கிடைக்கவே இல்லை. 'பெசன்ட் நகர் கடற்கரையில் அன்று பையனிடம் நான் சொன்னதைப் பின்னால் சொல்கிறேன்.'

அன்று சாயங்காலம் அப்பாவும் பிள்ளையும் பேசிக்கொண்டே நடக்கப் போயிருக்கிறார்கள். அப்பா மட்டும் திரும்பி வந்தார். பிள்ளை அங்கிருந்தே எங்கோ போய்விட்டான், ஒரு கடிதம்கூட இல்லை. என்ன சொன்னீர்கள் என்று மாமி கேட்டுக் கேட்டு அலுத்தும், சாகும்வரை அவர் வாய் திறக்கவில்லை.

"எங்கேயாவது எழுதியிருப்பார். நன்னாத் தேடுங்கோ. எனக்கு அது ஒண்ணுதான் வேணும்."

எட்டு நோட்டுகளையும் பின்னட்டைவரை புரட்டினேன். அவர் எழுதவே இல்லை. அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. "தேடிக்கினுதான் கீறேம்மா" என்று நாள் கடத்தினேன். கடத்தியதில், முதல் பக்கத்தோடு கட்டி வைத்ததை அவிழ்க்க மறந்தேன்.

வேலையைப் பார்க்க மாமி ஒரு மத்தியானம் வந்தார். நேராக அந்த வரிக்குப் போகச் சொன்னார். இணைப்புள்ள மற்ற சொற்களைப் போலவே அதுவும் நீல எழுத்தில் இருந்தது.

"அப்போ கெடைச்சுடுத்தா?"

நான் வாய் திறப்பதற்குள் மவுஸை அழுத்திவிட்டார்.

திரை முழுக்கக் கணவரின் முகம். முதல் பக்கத்தில் நான்தான் அந்தப் படத்தை வைத்திருந்தேன். மூக்குக்கண்ணாடி, இறுக மூடிய உதடு. மாமி அந்த வரிக்கே திரும்பிப் போய் மறுபடி அழுத்தினார். மறுபடியும் அதே முகம். நான்கு முறை.

"தப்பாப் பூட்சும்மா. அத அவரு எழுதவே இல்ல. அந்த வரியவே தூக்கிர்றேன்."

"எழுதலையா..." புடவைத் தலைப்பால் திரையின் தூசியைத் துடைத்தார், முகம் இருந்த இடத்தில் மட்டும். "தூக்காதீங்கோ. ஆத்துலயும் இப்படித்தான். கேட்டா, என்னையே பாத்துண்டு உக்காந்திருப்பார்."

சி.டி. அப்படியே போயிற்று. கேள்விக்குறி இல்லாமல்தான் போயிற்று.

அதற்குப் பிறகு எத்தனையோ புத்தகங்கள் செய்தேன். இடம் கிடைக்காத இணைப்பை வெற்றுப் பக்கத்தோடுதான் கட்டுவேன். சரிபார்க்க அழுத்தினால் வெள்ளையாகத் திறக்கும். அந்த வெள்ளையில் அவருடைய மூடிய உதடு தெரிவதற்குள் சட்டென்று மூடிவிடுவேன்.