வெண்கலத் தொண்டையும் தம்பி மனைவியும்

கட்சியில் அவளுக்கு வெண்கலத் தொண்டை என்று பெயர். பிழைப்பு என்னவோ தையல்தான். வீட்டு முன்னறையில் இரண்டு மிஷின். ஒன்றில் அவள், இன்னொன்றில் தம்பியின் மனைவி. பெரும்பாலும் பள்ளிச் சீருடைகள். அவள் வெட்டித் தருவாள். தம்பி மனைவி தைத்துக் காஜா எடுப்பாள். ஊர்வலத்திலும் அதே ஏற்பாடு. அவள் கோஷத்தை எடுத்துக் கொடுத்தால், பின்னால் எழும் முதல் குரல் தம்பி மனைவியுடையது. கட்சி ஆட்சிக்கு வருமுன்பே, கொடி பிடிக்க ஆளில்லாத காலத்திலிருந்தே அப்படித்தான்.

வயதான தலைவர் இனி முடியாதென்று ஒதுங்கியதும் கட்சி இரண்டுபட்டது. துணைத் தலைவர் பக்கம் பாதி, பொருளாளர் பக்கம் பாதி. வெண்கலத் தொண்டை துணைத் தலைவர் அணி. அவரோடு சேர்ந்து போலீஸ் அடி வாங்கியவள். மறுநாள் காலையில் தம்பி மனைவி பொருளாளர் படம் போட்ட பேட்ஜைக் குத்திக்கொண்டு மிஷினில் வந்து உட்கார்ந்தாள்.

"என்னடி இது கூத்து?"

"எனக்கு ஆபரேஷன் ஆனப்போ அவர்தானேக்கா கார் அனுப்பினாரு? உங்க ஆளு எட்டிப் பாத்தாரா?"

அன்றோடு பேச்சு நின்றது. கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்துகொண்டே, "உன் பொண்டாட்டிகிட்ட காலர் இன்னும் விறைப்பா இருக்கணும்னு சொல்லு" என்பாள் தம்பியிடம். "உங்கக்காகிட்ட கான்வாஸ் தீந்துபோச்சுன்னு சொல்லுங்க" என்று பதில் வரும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அவன் தட்டைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடிவிடுவான்.

புதிய தலைவரைத் தேர்ந்தெடுத்த நாளில், கட்சி அலுவலகத் தெருவின் நடுவே கயிறு கட்டி, இரு அணிகளையும் போலீஸ் இருபுறமும் நிறுத்தியிருந்தது. அந்தப் பக்கம், பொருளாளர் அணியில், கோஷம் போட ஆளில்லை. வெண்கலத் தொண்டையோடு இத்தனை வருடம் கத்தியவள் ஆயிற்றே என்று தம்பி மனைவி கையில் மைக்கைத் திணித்தார்கள். முன்னால் நின்று பழக்கமில்லாதவள். முதல் கோஷத்திலேயே குரல் கம்மி, கீச்சென்று ஒரு சத்தம்தான் வந்தது. இந்தப் பக்கம் மொத்தமும் கைகொட்டிச் சிரித்தது.

"பூனைக்குட்டியப் பிடிச்சிட்டு வந்திருக்காங்கப்பா!" என்றார் கிளைச் செயலாளர்.

வெண்கலத் தொண்டைக்குச் சுருக்கென்றது. "யாரைப் பாத்துய்யா சிரிக்கிறீங்க? வாயை மூடுங்க!" என்று தன் அணியை அதட்டினாள். பிறகு கயிற்றுக்கு மேல் எக்கி, "அடியே, தொண்டையால கத்தாதே! அடிவயித்துலேர்ந்து எடு. முதல் சொல்லை இழு, ரெண்டாவதை வெட்டு!" என்றாள்.

தம்பி மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு மூச்சை இழுத்தாள். அடுத்து எழுந்த குரலில் தெருவே அதிர்ந்தது.

"நீங்க யார் அணிம்மா?" என்று கிளைச் செயலாளர் வெண்கலத் தொண்டையின் மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்.

துணைத் தலைவர்தான் ஜெயித்தார். மாலை வெற்றி ஊர்வலத்துக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை. வீட்டில் தம்பி மனைவி மிஷின்மேல் தலை சாய்த்து அழுதுகொண்டிருந்தாள். அவள் முன்னால் ஒரு டம்ளர் வெந்நீரை வைத்தாள் வெண்கலத் தொண்டை.

"உங்க ஆளு ஜெயிச்சாச்சே, போகலையாக்கா?" கட்டிய தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது.

"நான் போயிட்டா உன்னை யாருடி திட்டறது? பேசாம குடி."

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து தம்பி மனைவிக்குப் புரையேறியது. வெண்கலத் தொண்டை அவள் உச்சந்தலையில் தட்டிக்கொடுத்தாள், இருமல் நின்ற பிறகும் கையை எடுக்கவில்லை.

வெண்கலத் தொண்டைக்கென்று எல்லோரும் நினைத்திருந்த மகளிரணிப் பதவி, கிளைச் செயலாளரின் கொழுந்தியாளுக்குப் போயிற்று. அவளைவிடத் தம்பி மனைவிக்குத்தான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. துணைத் தலைவர் நல்லவரா, பொருளாளர் நல்லவரா என்ற வழக்கு மட்டும் இருவருக்கும் இன்னும் தீர்ந்தபாடில்லை.