கொதித்துக்கொண்டே இருந்த காடி

அந்தக் காடியைப் பற்றி யாராவது ஆசையாக விசாரித்தால் எனக்கு இன்றும் எரிச்சல்தான் வருகிறது. காரை மலாக்காவில் நாங்கள் காடி என்போம். தொண்ணூறுகளின் நடுவில், புக்கிட் காத்தில் தாமான் குடியிருப்பில் எங்கள் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு அது ஒன்றரை வருடம் கிடந்தது. பெட்டி பெட்டியாக உதிரிப் பாகமாக வந்து, வாங்கியவரே பூட்டிக்கொள்ள வேண்டிய வண்டி. இரும்புக் குழாய்ச் சட்டம், ஃபைபர் உடம்பு, இரண்டே இருக்கை, கூரை கிடையாது. முதலில் வாங்கியவர் பாதி பூட்டிவிட்டு அலுத்துப்போய் என் தலையில் கட்டிவிட்டார். அவர் ஏன் அலுத்துப்போனார் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கார் பழுது பார்ப்பதே என் தொழில், சொந்தமாக வர்க்‌ஷாப் வைத்திருந்தேன். அந்தத் திமிர் இருந்தது.

அந்த வண்டிக்கென்று சொல்லியிருந்த எஞ்சின் சின்னது. நான் சின்னதோடு நிற்கிற ஆளா? ஜப்பானில் பாதியாக அறுத்துக் கப்பலில் அனுப்பும் பழைய கார்களை இங்கே ஹாஃப் கட் என்போம். அப்படி ஒரு ஹாஃப் கட்டிலிருந்து டர்போ எஞ்சின் ஒன்றைக் கழற்றி வந்து, சட்டத்தை இங்கே வெட்டி அங்கே ஒட்டி, உள்ளே உட்கார வைத்தேன். முதல் தடவை முடுக்கியபோது பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்தினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மூன்றாவது மைலில் சூட்டு முள் சிவப்பைத் தொட்டது. வண்டியின் மூக்கிலிருந்து ஆவி கிளம்பியது. கூரையில்லாத வண்டி என்பதால் பாதி ஆவி என் முகத்தில் அடித்தது.

இங்கேதான் என் தங்கையின் புருஷன் வருகிறார். ஒரு லாரி கம்பெனியில் ரேடியேட்டர் மட்டுமே பத்து வருடம் பார்த்தவர். அந்த வேலையை விட்டுவிட்டு மெர்லிமாவில் சொந்தமாக ரேடியேட்டர் கடை போட்டு அப்போது ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. மெர்லிமாவில் பார்த்த பக்கமெல்லாம் மோட்டார் சைக்கிள். மோட்டார் சைக்கிளுக்கு ரேடியேட்டர் கிடையாது. கடை ஈயடித்தது. என் காடி அவருக்கு விளம்பரப் பலகையாக இருக்கட்டும் என்று நான்தான் யோசனை சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கிளேபாங் கடலோரக் கடைகளில் வேகக் காடி வைத்திருப்பவர்கள் கூடுவார்கள். பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, தே தாரேக் குடித்தபடி, அவரவர் எஞ்சினின் பெருமையைப் பேசுவார்கள். அவர்கள் முன்னால் என் காடி சூடாகாமல் நின்றால் போதும், மாப்பிள்ளைக்கு வேலை வந்து குவியும். நிற்காவிட்டால் கடை அவ்வளவுதான். இது எங்கள் இருவருக்கும் தெரியும், என் தங்கைக்கும் தெரியும்.

அவர் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். அதிகம் பேசாத மனிதர்.

"மச்சான், தெர்மோஸ்டாட் உள்ள இருக்கா?"

"அது எதுக்குலா மாப்ள? மொத நாளே கழட்டித் தூக்கிப் போட்டேன்."

இதை விளக்க வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுத்து, சூடேறியதும் திறந்துவிடும் சின்னக் கதவுதான் தெர்மோஸ்டாட். பனி கொட்டும் நாட்டுக்காரனுக்கு அது வேண்டும், மலாக்கா வெயிலில் நமக்கு எதற்கு என்பது எங்கள் ஊர் மெக்கானிக்குகளின் கட்சி. நான் தொழில் கற்றுக்கொண்ட இடத்திலும் அப்படித்தான். எந்த எஞ்சின் வந்தாலும் முதல் காரியமாக அதைப் பிடுங்கிக் குப்பையில் போடுவோம். காடிக்காரரும் மனம் குளிர்ந்து நன்றி சொல்லிவிட்டுப் போவார்.

மாப்பிள்ளை தலையாட்டினார். பிறகு ஒருநாள் மறுபடியும், "லாரில நாங்க கழட்ட மாட்டோம் மச்சான்" என்று மெதுவாக ஆரம்பித்தார். "இது லாரி இல்ல மாப்ள" என்று முடித்துவிட்டேன்.

அவர் செய்த ரேடியேட்டரைச் சொல்ல வேண்டும். செம்புக் குழாய்கள் மூன்று வரிசை. பித்தளைத் தொட்டி இரண்டையும் தாமே வளைத்து, ஒவ்வொரு குழாயையும் ஈயம் வைத்துப் பற்றவைத்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் காற்றடித்துப் பார்த்து, ஒரு குமிழி கூட வராதபிறகுதான் கொண்டுவந்தார். பூட்டினோம். கொதித்தது. மின்விசிறி ஒன்றை இரண்டாக்கினேன். கொதித்தது. இரண்டில் ஒன்றின் ஒயரை நான் மாற்றிக் கொடுத்திருந்தேன், அது இரண்டு வாரமாகக் காற்றை எதிர்ப்பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. அதைச் சரி செய்தபின்னும் கொதித்தது. மூக்கு தாழ்ந்த வண்டி என்பதால் உள்ளே காற்று அடைத்துக்கொள்கிறது என்று முடிவு கட்டி, முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, காற்றெல்லாம் வெளியேறும்வரை தண்ணீர் ஊற்றினேன். பானெட்டில் வரிசையாக ஓட்டை போட்டேன். ஓரத்தில் காற்று தப்பாமல் அலுமினியத் தகடு அடித்தேன். பெரிய வாட்டர் பம்ப் தேடிப்பிடித்து மாட்டினேன். ஒவ்வொரு தடவையும் இரண்டு மைல், மூன்று மைல், அதிகம் போனால் நான்கு. பிறகு அந்தப் பாழாய்ப்போன முள் ஏற ஆரம்பிக்கும். நான் ஸ்டீரிங்கைக் குத்துவேன். அடுத்த நாள் காலையில் கை வலிக்கும்.

என் மனைவி வாசலில் துணி காயப்போட இடமில்லை என்று சொல்வதைக்கூட நிறுத்திவிட்டாள். அந்தக் காடியைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஓரளவு சரியாகிவிட்டது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டு, மாப்பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கிளேபாங்குக்குக் கிளம்பினேன். அவர் சலவை செய்த சட்டை போட்டு வந்திருந்தார். கடைப் பெயர் அச்சடித்த அட்டைகள் சட்டைப் பையில் இருந்தன. சந்திப்புகளில் சிவப்பு விளக்கு விழும்போதெல்லாம் என் கண் சூட்டு முள்ளுக்குப் போனது. முள் ஏறியது, கொஞ்சம் இறங்கியது, மறுபடி ஏறியது. கடலோரக் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, பத்து இருபது பேர் எழுந்து சுற்றி வந்த அந்த நிமிடத்தில், ரேடியேட்டர் மூடியைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் பீய்ச்சியடித்தது. எல்லாரும் பின்னால் குதித்தார்கள். யாரோ சிரித்தார்கள்.

மாப்பிள்ளை ஓடிப்போய்க் கடையில் தண்ணீர் வாங்கி வந்தார். நான் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டரைத் தடவிப் பார்த்தேன். மேல்பக்கம் சுட்டது. கீழ்பக்கம் சும்மா வெதுவெதுப்பு. எஞ்சின் கொதிக்கிறது, ரேடியேட்டரின் அடி சூடாகவில்லை. அப்படியென்றால் தண்ணீர் அதற்குள் சரியாக ஓடவில்லை. அப்படியென்றால் உள்ளே அடைப்பு. எனக்குக் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. "என்னாச்சு அண்ணே?" என்று ஒருவர் கேட்டார்.

"ரேடியேட்டர்தான்" என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி. "நம்ம மாப்பிள்ளை வேலை. ஈயத்த ஊத்தி டியூப்ப அடச்சி வெச்சிருக்காரு. சொந்தக்காரங்கன்னு நம்பிக் குடுத்தா இப்படித்தான்."

"மெர்லிமாவ்ல புதுசா கடை போட்டாரே, அவரா?"

"அவரேதான்."

மாப்பிள்ளை தண்ணீர் வாளியோடு எனக்குப் பின்னால் நின்றிருந்தார். வாளியைக் கீழே வைத்தார். எஞ்சின் ஆறும்வரை இருந்து, தண்ணீரை ஊற்றி, மூடியைத் திருகிவிட்டு, "நான் பஸ்ஸில போயிக்கிறேன் மச்சான்" என்று நடந்தார். அட்டைகள் பையிலேயே இருந்தன. எனக்கு அப்போது அவர்மேல் கோபம் தவிர வேறொன்றும் இல்லை.

காடி கொண்டுவருவதாக முன்பே வாக்குக் கொடுத்திருந்த இரண்டு பேரும் அதன்பின் அவர் கடைக்குப் போகவில்லை. என் தங்கை தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. நான்கு மாதத்தில் கடைக் கதவு இறங்கியது. மாப்பிள்ளை எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

இதற்கிடையில் நான் செய்த காரியம் ஒன்று உண்டு. அடைப்பை என் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ரேடியேட்டரின் மேல்தொட்டியைச் சூடு காட்டிப் பிரித்தேன். டார்ச் அடித்து ஒவ்வொரு குழாயாகப் பார்த்தேன். எல்லாம் சுத்தம். மறுமுனையில் கீழ்த்தொட்டியின் பித்தளை பளிச்சென்று தெரிந்தது. மறுபடி எண்ணிக்கொண்டு பார்த்தேன், ஒன்றில்கூட ஈயம் இல்லை. அன்றைக்கே மெர்லிமாவுக்குப் போயிருக்க வேண்டும். பிரிக்கும்போது அடைப்பு உதிர்ந்து விழுந்திருக்கும் என்று எனக்கு நானே கதை சொல்லிக்கொண்டு, வெளிநாட்டு அலுமினிய ரேடியேட்டர் ஒன்றை வரவழைத்துப் பூட்டினேன். அதுவும் கொதித்தது. அப்போதும் நான் போகவில்லை. வெட்கமா வீம்பா என்று கேட்டால் இரண்டும்தான்.

பிறகு ஒருநாள் அதே ரக எஞ்சினோடு ஒரு காடி என் வர்க்‌ஷாப்புக்கு வந்தது. பழக்கதோஷத்தில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றினேன். குப்பைக் கூடைக்கு மேல் கை போய்விட்டது. அதன் அடியில் சின்ன வட்டத் தகடு ஒன்று ஸ்பிரிங்கோடு தொங்குவதை அப்போதுதான் கவனித்தேன். அது எங்கே போய் உட்காரும் என்று எஞ்சின் வாய்க்குள் பார்த்தேன். உள்ளே பக்கவாட்டில் ஒரு ஓட்டை இருந்தது. குளிர்ந்த நேரத்தில் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றிவரும் குறுக்குவழி அது. சூடேறினால் மேல்கதவு ரேடியேட்டருக்குத் திறக்கும். அதே நேரம் அடித்தகடு இந்த ஓட்டையை மூடும். நான் அதைப் பிடுங்கிப் போட்டதால் குறுக்குவழி எந்நேரமும் திறந்தே கிடந்திருக்கிறது. கொதிக்கும் தண்ணீரில் பாதி ரேடியேட்டர் பக்கமே எட்டிப் பார்க்காமல் திரும்பத் திரும்ப எஞ்சினுக்குள் ஓடியிருக்கிறது. நான் எவ்வளவு பெரிய ரேடியேட்டர் வைத்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

புதிது ஒன்று வாங்கி, வீட்டுச் சட்டியில் தண்ணீர் கொதிக்கவைத்துப் போட்டேன். மேல்கதவு திறக்க, அடித்தகடு நீண்டு இறங்கியது. "ரசம் வெக்கிற சட்டிலயா?" என்று மனைவி கத்தினாள். அலுமினியத்தைக் கழற்றிவிட்டு, மாப்பிள்ளையின் ரேடியேட்டரில் நான் பிரித்த தொட்டியைத் தத்தக்கா பித்தக்கா என்று ஒட்டி, அதையே பூட்டினேன். உச்சி வெயிலில் மெர்லிமாவ் வரை ஓட்டினேன். முள் நடுவில் நின்றது. வழியெல்லாம் அதைத் திட்டிக்கொண்டே போனேன். இத்தனை நாள் ஏங்கிய காட்சி அது, பார்க்கப் பிடிக்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டில் இருந்தார். லாரியிலிருந்து வந்து குளித்திருந்தார். நின்றபடியே சொன்னேன்: "தப்பு எம்மேலதான் மாப்ள. தெர்மோஸ்டாட்டுதான். உங்க ரேடியேட்டர்ல ஒண்ணுமே இல்ல. நீங்க ரெண்டு தடவ கேட்டீங்க."

"பரவால்ல மச்சான். காடி இப்ப ஓடுதுல்ல" என்றார். உட்காரச் சொன்னார்.

தங்கை தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். "அன்னைக்கு நீ எங்க நின்னு சொன்ன? கிளேபாங்குல. இதயும் அங்கயே போயி சொல்லுண்ணே. எங்க வீட்டுக்குள்ள வந்து சொல்லி என்ன ஆவப்போவுது?" என்றாள். மாப்பிள்ளை அவளை அடக்கப் பார்த்தார். அவள் சொன்னதுதான் சரி.

அடுத்த ஞாயிறு போனேன். ஒரு வருடத்தில் கூட்டம் மாறிப்போயிருந்தது. சிலர் காடியை விற்றுவிட்டார்கள், சிலர் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். அன்று இருந்தவர்களில் மூன்று பேர்தான் கண்ணில் பட்டார்கள். பானெட்டைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு, நடந்ததைச் சொன்னேன். ஒருவருக்கு அந்த நாளே நினைவில்லை. "அதெல்லாம் இப்ப எதுக்கு அண்ணே, விடுங்கலா" என்றார் இன்னொருவர். மூன்றாமவர் விசிறி எங்கே வாங்கினேன் என்று கேட்டார். எனக்கு அவர்கள்மேல் கோபம் வந்தது. கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை என்றும் தோன்றியது.

நான் பானெட்டை மூடப்போகும் நேரத்தில் புதிதாக ஒருவர் வந்து குனிந்து பார்த்தார். ஓடுகிற எஞ்சினையும் சூட்டு முள்ளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ரேடியேட்டரின் பற்றவைப்பை ஓரம் ஓரமாக ஆராய்ந்தார்.

"மேல ஒரு பக்கம் யாரோ கண்டபடி பூசியிருக்காங்க. மத்ததெல்லாம் சுத்தமான வேலை. யாரு அண்ணே செஞ்சது? எனக்கும் ஒண்ணு வேணும்."

என் மாப்பிள்ளை என்றேன். கடை எங்கே என்று கேட்டார். மெர்லிமாவில் இருந்தது என்றேன். மெர்லிமாவில் எந்தப் பக்கம் என்று கேட்டபடி பேனாவை எடுத்தார். கடையை மூடிவிட்டார், இப்போது லாரி ஓட்டுகிறார் என்றேன்.

"இவ்வளவு நல்லா செய்றவரு ஏன் மூடுனாரு?"

எஞ்சினை அணைத்துவிட்டு, அவருக்கு முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.